முக்கால் கரண்டி சாம்பார்

அவளை நினைத்தால் முகத்துக்கு முன்னதாகக் கைதான் ஞாபகம் வருகிறது. இடது கை. பரிமாறுகிறவர் கரண்டியோடு குனியும் நேரம் பார்த்து, ஐந்து விரலையும் விரித்துத் தட்டுக்கு மேல் வைப்பாள். தட்டிலும் படாது, கரண்டியிலும் படாது. "போதும்க்கா" என்பாள். எங்கள் விடுதி மெஸ்ஸில் முந்நூறு பெண்கள் சாப்பிட்டோம். முந்நூறு கைகளை வரிசையாக நீட்டினாலும் அந்த ஒரு கையை இன்றைக்கும் சொல்லிவிடுவேன். மோதிர விரலில், தேங்காய் வெட்டும்போது அரிவாள் பட்ட தழும்பு இருக்கும்.

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவள் கூமாப்பட்டியில் இருக்கிறாள். அவளைத் தெரிந்தவர்கள் இதைப் படிக்கக்கூடும். என் பெயரை எழுதலாம்தான். ஆனால் எழுதக் கூச்சமாக இருக்கிறது.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் மலையைப் பார்த்தபடி இருந்தது எங்கள் பல்கலைக்கழகம். வாசலில் நின்று தெற்கே போகிற பஸ்ஸில் ஏறினால் பரோட்டா, வடக்கே போகிற பஸ்ஸில் ஏறினால் பால்கோவா என்று சொல்லிக்கொள்வோம். அவள் கணிதம் படித்தாள், நான் ஊட்டச்சத்து படித்தேன். மூன்று வருடமும் இரண்டாம் மாடியில் ஒரே அறை. அவள் கட்டில் ஜன்னல் பக்கம், என் கட்டில் கதவுப் பக்கம்.

அவளுடையது வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம். சாப்பிடும் முன் கண்ணை மூடி ஜெபம் பண்ணுவாள். மெஸ்ஸில் சமைத்துப் பரிமாறுகிற சோழபுரத்து அக்கா, சாம்பார் வாளியைப் பிடித்துக்கொண்டு அவள் கண் திறக்கும்வரை காத்து நிற்பார்.

"ஏட்டி, சாப்பாட்டை விட உன் ஜெபம்ல நீளமா இருக்கு. இம்புட்டுச் சோத்துக்கா அம்புட்டு நேரம்?"

"கொஞ்சமாக் குடுத்தாலும் நன்றி சொல்லணும்லக்கா."

"இதை வச்சுக்கிட்டு எப்படிட்டி ரெண்டு மாடி ஏறுத?"

அவள் சிரிப்பாள். பார்த்தால் மாடி ஏற முடியாத உடம்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உருண்டு திரண்டு, கன்னம் உப்பி, நல்ல உடம்புதான். "எங்க வீட்டு வாகுக்கா. தண்ணி குடிச்சாலே சதை போடும்" என்பாள். நாங்களும் நம்பினோம். காலையில் சாப்பிடாமல் வகுப்புக்கு ஓடி, பதினோரு மணிக்கு கேன்டீனில் இரண்டு பஃப்ஸைத் திணித்துக்கொண்டு, சாயங்காலம் கெட்டிலில் நூடுல்ஸ் வேகவைத்துத் தின்கிற கூட்டம் நாங்கள். எங்களுக்கு அவள் ஒரு சாமியார் மாதிரி தெரிந்தாள். "உன்ன மாதிரி வாயைக் கட்ட எனக்கு வரலையேட்டி" என்று அவளிடம் புலம்பாத பெண் அந்த மாடியில் இல்லை.

ஆனால் சாப்பாட்டைப் பற்றிப் பேசச் சொன்னால் விடிய விடியப் பேசுவாள். நாங்கள் ராஜபாளையம் போய்ப் பரோட்டா தின்றுவிட்டு வந்தால் பக்கத்தில் உட்காரவைத்து விசாரிப்பாள். சால்னாவை மேலே ஊற்றினார்களா, தனியாகக் கொடுத்தார்களா? வெங்காயம் பொடியாக நறுக்கியிருந்ததா, பெரிசாகவா? கடைசி வாய் எதோடு சாப்பிட்டாய்? நாம் தின்றதை அவளிடம் சொல்லும்போதுதான் அது எவ்வளவு ருசியாக இருந்தது என்றே தெரியும். மாதம் ஒரு முறை அவள் அப்பா தேங்காய் மூட்டையோடு வருவார். மூட்டை மெஸ்ஸுக்கு, ஒரு பெரிய டப்பா தேங்காய் மிட்டாய் அவளுக்கு. அதை அறை அறையாகக் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஒரு துண்டைக்கூட அவள் வாயில் போட்டு நான் பார்த்ததில்லை. யாராவது ஊட்ட வந்தால் அந்தக் கை எழும்பிவிடும்.

எங்கள் விடுதியில் பொருள் காணாமல் போகும். நகை இல்லை, போன் இல்லை, தின்பண்டம். ஒருத்தியின் காராச்சேவு, இன்னொருத்தியின் அதிரசம், எங்கள் வீட்டிலிருந்து வந்த வறுத்த கடலை. மலையடிவாரம் என்பதால் குரங்குகள் மொட்டை மாடிக்கு வரும். பழி அவற்றின் மேல் விழுந்தது. வார்டன் மேடம் அத்தனை ஜன்னலுக்கும் கம்பிவலை அடித்தார். வலை அடித்த பிறகும் போனது.

ஒரு நாள், ஊருக்குக் கொண்டுபோக வைத்திருந்த என் பால்கோவா டப்பா காலி. "மறுபடியும் குரங்கு வந்திருக்கும் போல" என்றாள் அவள். நான் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே சுத்தமாக வழித்திருந்தது. மூடி அழுத்தி மூடியிருந்தது. தின்ற டப்பாவை மூடிவைத்துவிட்டுப் போகிற குரங்கு எந்த மலையில் இருக்கிறது? டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவைத்தேன். மறுநாள் வகுப்பு முடிந்ததும் அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், சுடச்சுடப் புது டப்பா வாங்கி வந்து என் மேசையில் வைத்தாள். "பாவம்ட்டி, உங்க அம்மா எதிர்பார்ப்பாவ" என்றாள். கண்ணைப் பார்க்காமல் சொன்னாள். அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று அந்த நேரத்தில்தான் தோன்றியது. பிடிக்கும் என்பதால்தான் கேட்கவில்லை என்று அப்புறம் பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். லேபில் கரண்ட் போய்விட்டதால் எங்களைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். மாடியில் ஆள் அரவமே இல்லை, எல்லோரும் வகுப்பில் இருந்தார்கள். கால் வலிக்கிறது என்று செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு வந்தேன். எங்கள் அறைத் தாழ்ப்பாள் சரியாக விழாது, பலமாகத் தள்ளிப் போட வேண்டும். அன்றைக்கு அது விழவில்லை. கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

இரண்டு கட்டிலுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் பரோட்டாப் பொட்டலங்கள், ஒரு முழு ரொட்டி, பிஸ்கட், தேங்காய் மிட்டாய் டப்பா, யாருடையதோ முறுக்கு. தின்றுகொண்டிருந்தாள். ருசித்துத் தின்னவில்லை. தேர்வில் கடைசிப் பத்து நிமிடம் எழுதுகிறவள் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது முகம். மெல்லுவதற்குள் அடுத்தது வாய்க்குப் போனது. சால்னாவில் மிட்டாய் விழுந்து கிடந்தது, அதையும் எடுத்துத் தின்றாள். ஜெபம் பண்ணியிருக்க மாட்டாள் என்று எனக்கு ஏனோ உறுதியாகத் தெரிந்தது. அவள் இடது கை தரையில் ஊன்றியிருந்தது. அவளிடம் போதும் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

எனக்குப் பயமாக இருந்தது. அழுகிறவளைப் பார்த்திருக்கிறேன், மயங்கி விழுகிறவளைப் பார்த்திருக்கிறேன். இது என்னவென்று தெரியாத பயம். தெரியாது என்று சொல்வதும் பொய். எங்கள் பாடப்புத்தகத்தில் இப்படி அடக்க முடியாமல் தின்கிற நோயைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அடிக்கோடு போட்டுப் படித்து, முந்தைய தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

கதவைத் தொடாமல் திரும்பிக் கீழே போனேன். மெஸ்ஸில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு, படிக்கட்டிலிருந்தே பட் பட் என்று சத்தம் வர நடந்து வந்தேன். உள்ளே அவள் கணக்கு நோட்டைத் திறந்துவைத்திருந்தாள். அறையில் ஊதுபத்தி மணத்தது. "சீக்கிரம் வந்துட்டியே" என்றாள். "லேப்ல கரண்ட் இல்ல" என்றேன்.

அன்றிலிருந்து நான் சத்தம் போட்டுத்தான் நடந்தேன். வராந்தா முனையிலேயே காலைத் தேய்க்க ஆரம்பிப்பேன். நான் வருகிறேன், எடுத்துவைக்க நேரம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிவிக்கத்தான். அதை மரியாதை என்று நினைத்தேன். ஒரு நாள் தலை வாரிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் அவள் சொன்னாள்: "உன் செருப்புச் சத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்ட்டி."

நான் சிரித்துவைத்தேன். அப்போதாவது கேட்டிருக்கலாம். அவளே கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. நான் உள்ளே போகவில்லை.

எங்கள் ஊர் தளவாய்புரத்தில் வீட்டுக்கு வீடு நைட்டி தைப்பார்கள். என் அம்மாவும் தைப்பாள். அறைத்தோழி என்று அவளுக்கும் தைத்துக் கொடுப்பாள். நான்தான் அளவெடுத்துப் போனில் சொல்வேன். மூன்றாம் வருடத் தொடக்கத்தில் அளவைச் சொன்னதும் மெஷின் சத்தம் நின்றது.

"என்னட்டி அளவு இது? போன நைட்டி வெட்டி நாலு மாசம் ஆகல. அந்தப் பிள்ளைக்கு உடம்புக்கு எதும் பண்ணுதா?"

"அவ ஒண்ணுமே சாப்பிட மாட்டாம்மா."

"ஒண்ணுஞ் சாப்பிடாமலா இடுப்பு இம்புட்டுக் கூடும்? கூட இருக்க நீ, கேக்கமாட்டியா?"

துணி வெட்டுகிற என் அம்மாவுக்கு ஒரு அளவு நாடாவில் தெரிந்தது. ஊட்டச்சத்துப் படித்த நான் "நாளைக்குக் கேக்கேன்" என்று போனை வைத்தேன்.

கேட்கவும் செய்தேன், எங்கள் பாடத்தில் கேட்கச் சொன்ன மாதிரி. மூன்றாம் வருடம் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். ஒருவரை உட்காரவைத்து, நேற்றுக் காலையிலிருந்து படுக்கும்வரை என்னென்ன சாப்பிட்டார் என்று நினைவிலிருந்து சொல்லச் சொல்லி எழுத வேண்டும். 'ரீகால்' என்போம். கரண்டி, கிண்ணம் எல்லாம் கொண்டுபோய்க் காட்டி, எந்த அளவு என்று கேட்க வேண்டும். ஒரே ஆளிடம் ஒரு வாரம். கூடவே வாரத் தொடக்கத்திலும் முடிவிலும் எடை பார்க்க வேண்டும். நான் அவளைத் தேர்ந்தெடுத்தேன். அவள் கொஞ்சமாகச் சாப்பிடுகிறவள், எழுதுவது சுலபம் என்று தோழிகளிடம் சொன்னேன். எனக்குத் தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

அவளை மாதிரி ரீகால் சொன்னவர்களை இன்றுவரை நான் பார்க்கவில்லை. கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். "காலையில ரெண்டு இட்லி. முக்கால் கரண்டி சாம்பார். மத்தியானம் ஒரு கரண்டிச் சோறு, ரசம், அரைக்கரண்டி அவரைக்காப் பொரியல். ராத்திரி ஒரு தோசை, சட்னி தொட்டும் தொடாம." கணக்குப் படிக்கிறவள், ஏழு நாளில் ஒரு நாள்கூட அளவு பிசகவில்லை. நான் படிவத்தில் நேரம், உணவு, அளவு என்று கட்டம் கட்டமாக நிரப்பினேன். யாரோடு சாப்பிட்டீர்கள், எங்கே உட்கார்ந்து சாப்பிட்டீர்கள், சாப்பிடும்போது மனசு எப்படி இருந்தது என்பதற்கெல்லாம் அதில் கட்டம் கிடையாது. கட்டம் இல்லாததைக் கேட்க எனக்கும் தைரியம் கிடையாது.

வாரக் கடைசியில் கூட்டிப் பார்த்தேன். அவள் சொன்ன சாப்பாட்டுக்கு அவள் மெலிந்திருக்க வேண்டும். எடை கூடியிருந்தது. இப்படிக் கொடுத்தால் பேராசிரியர் முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார். "அந்தப் பெண்ணிடம் மறுபடி பேசு" என்பார். அவளிடம் பேசுவதற்குப் பதில் நான் என்ன செய்தேன் தெரியுமா? கணக்கை நேராக்கினேன். இரண்டு இட்லியை நாலாக்கினேன். முக்கால் கரண்டியை ஒன்றரை ஆக்கினேன். ஒரு டம்ளர் பால் சேர்த்தேன், ஒரு வாழைப்பழம், சுண்டல், வாரம் இரண்டு முட்டை. எடையும் சாப்பாடும் கச்சிதமாகப் பொருந்திவிட்டன. ஒரு பொய்யின் மேல் இன்னொரு பொய்யை வைத்துத் தைத்ததில் தையலே தெரியவில்லை.

பேராசிரியருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பெயரில்லாமல் 'ஒரு கல்லூரி மாணவியின் சரிவிகித உணவு' என்று தலைப்புப் போட்டுப் பெரிய சார்ட்டாக எழுதித் தரச் சொன்னார். படம் வரைந்து, வண்ணம் தீட்டி, பிளாஸ்டிக் தாள் ஒட்டி மெஸ் சுவரில் மாட்டினோம். என் கையெழுத்து அழகாக இருக்கும். அதற்கும் பாராட்டு கிடைத்தது.

அன்று மத்தியானம் தட்டோடு வந்தவள் சார்ட்டின் முன்னால் நின்றுவிட்டாள். மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகப் படித்தாள். நான் பின்னால் நின்றேன். படித்து முடித்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"அந்தப் பொண்ணு நல்லாத்தான் சாப்பிடுதா, என்னட்டி?"

கோபம் இல்லை அதில். கேலிகூட இல்லை. பக்கத்து வீட்டில் நன்றாக வாழ்கிற ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னாள். பிறகு வரிசையில் போய் நின்றாள். அக்கா கரண்டியோடு குனிந்ததும் அந்தக் கை எழுந்தது.

அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று ஒரு முறை சொல்லியிருக்கிறாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, சிரிப்புக் கதை மாதிரி சொன்னாள். எட்டாம் வகுப்பு படிக்கும்போது சொந்தக்காரர் கல்யாணம். பந்தியில் இலை போட்டு உட்கார்ந்திருக்கிறாள். பாயசம் வருகிற நேரம். அவள் அக்காவுக்கு வந்த வரன், பெண்ணுக்கு உடம்பு ஜாஸ்தி என்று தட்டிப்போயிருந்த சமயம் அது.

"பாயச வாளி என்கிட்ட வரவும், பக்கத்துல இருந்த அத்தை என் எலைக்கு மேல அவ கைய வச்சிட்டா. 'இவளுக்கு வைக்காதிய, மூத்தவ ஒருத்தி பத்தாதா'ன்னா. பந்தியே சிரிச்சிச்சு. எங்கம்மாவும் சிரிச்சா. நானும்தான்."

"பொறவு?"

"பொறவு என்ன? அவிய கை வைக்கறதுக்குள்ள நானே வச்சிக்கிடுவேன். அந்த வீட்டுக்குப் பின்னாலயே பாயச அண்டா இருந்துச்சு. எல்லாரும் போட்டோ எடுக்கப் போனப்ப போய் நின்னு குடிச்சேன். எம்புட்டுன்னு கேக்காத." சிரித்தாள். பஸ் நின்றது, இறங்கிவிட்டோம். எம்புட்டு என்று நானும் கேட்கவில்லை.

கடைசி வருடத் தேர்வுக்குப் படிக்க விட்ட விடுமுறை. அடுத்த வாரம் அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று வீட்டிலிருந்து போன் வந்திருந்தது. மூன்று நாள் அவள் மெஸ்ஸில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததோடு சரி. கை தட்டுக்கு மேலேயே இருந்தது. நாலாம் நாள் நான் நூலகத்துக்குப் போய்விட்டு மத்தியானம் வழக்கம்போலச் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்தேன். உள்ளே எடுத்துவைக்கிற சத்தம் கேட்கவில்லை. முனகல் கேட்டது. தரையில் சுருண்டு கிடந்தாள். சுற்றிலும் காலிப் பொட்டலங்கள். வயிறு கல்லாக உப்பியிருந்தது. முதல் வேலையாக நான் அவளைத் தூக்கவில்லை. பொட்டலங்களை எல்லாம் வாரிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அப்புறம்தான் வார்டனைக் கூப்பிட்டேன்.

ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டியூட்டி டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "கடைசியா என்ன சாப்பிட்டாங்க?"

ஸ்ட்ரெச்சரில் கிடந்தவள் என்னைப் பார்த்தாள். வலியில் பேச முடியவில்லை. இடது கையை மட்டும் கொஞ்சம் தூக்கினாள். ஐந்து விரலும் விரிந்திருந்தது. அந்தக் கை என் வாய்க்கு முன்னால் நின்றது.

"காலையில ரெண்டு இட்லி சார். முக்கால் கரண்டி சாம்பார்."

யோசிக்காமல் வந்தது. ஏழு நாள் எழுதிப் பழகிய கை, பழகிய வாய். டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார். சரியாகச் சாப்பிடாததால் வந்த வயிற்றுப்புண் என்று நினைத்து ஊசி போட்டார், டிரிப் ஏற்றினார். மூன்று மணி நேரம் போனது. வலி குறையவில்லை, வயிறு இன்னும் உப்பியது. வயதான ஒரு நர்ஸ் என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"நீ என்னம்மா படிக்க?"

"நியூட்ரிஷன்."

"நல்லாப் படிச்ச போ. ரெண்டு இட்லிக்கா வயிறு இப்படி இருக்கும்? அந்தப் பிள்ளை பிழைக்கணுமா வேண்டாமா? சொல்லு."

சொல்லிவிட்டேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள், மதுரைக்கு அனுப்பினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் வயிறு கிழிந்திருக்கும் என்று அங்கே சொன்னார்களாம். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் சொன்னதற்காகத் திருப்பினாளா, சொல்ல மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டதற்காகவா, அதற்கு முந்தைய ஒன்றரை வருடத்துக்காகவா? பல வருடமாக இதைத்தான் உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

பெட்டியை எடுக்க அவள் அப்பா வந்தார். அன்றைக்கும் தேங்காய் மூட்டை கொண்டுவந்து மெஸ் அக்காவிடம் இறக்கிவைத்தார். "வெறுங்கையோட வர மனசில்லம்மா" என்றார். அறைக்கு வந்து சாமான்களை எடுத்துவைத்துவிட்டு என்னைக் கேட்டார்: "ஏம்மா, நீ கூடவே இருந்த பிள்ளை. எம்மக என்ன சாப்பிடுதான்னு உனக்குமா தெரியாது?"

"தெரியாதுப்பா" என்றேன். அவரிடம் சொன்ன அந்தப் பொய்யை மட்டும் என்னால் இன்றுவரை எந்தக் கணக்கிலும் நேராக்க முடியவில்லை.

அவள் தேர்வு எழுதவில்லை, திரும்பி வரவும் இல்லை. நான் பட்டம் வாங்கி, மேலே படித்து, இப்போது ராஜபாளையத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர். தினமும் இருபது பேரிடமாவது நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கிறேன். எல்லோரும் அந்தச் சார்ட்டுப் பெண் சாப்பிட்டதைத்தான் சொல்கிறார்கள். அவள் நம்பர் என்னிடம் உண்டு. போனில் அந்த நம்பரோடு அவள் வைக்கிற படம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும், தென்னந்தோப்பு, அணைக்கட்டு, யாருடைய குழந்தையோ. ஒரு தடவைகூட அழைத்ததில்லை.

போன மாதம் எங்கள் பல்கலைக்கழகத்தில் மாணவிகளிடம் சத்துணவு பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். பேசிவிட்டு மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போனேன். சோழபுரத்து அக்கா இன்னும் இருக்கிறார், தலை நரைத்துவிட்டது. சார்ட்டும் இருந்தது. வெயில் பட்டு வாழைப்பழம் வெளுத்திருந்தது, என் கையெழுத்து அப்படியே இருந்தது. எனக்கு எதிரில் ஒரு முதல் வருடப் பெண், அக்கா கரண்டியோடு குனிந்ததும் தட்டுக்கு மேல் கையை விரித்தாள்.

"ஏட்டி, இந்தா பாரு" என்று அக்கா கரண்டியால் சுவரைக் காட்டினார். "அந்தச் சார்ட்டுப் பிள்ளை எம்புட்டு நல்லாச் சாப்பிடுதா. அதைப் பாத்துக் கத்துக்க."

எழுந்து போய்ச் சார்ட்டைக் கழற்றினேன். நாலு மூலையிலும் சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தது.

"ஏம்மா, அதை எதுக்கு எடுக்க? நல்லாத்தான இருக்கு?"

"பொய்க்கா இது. நான் எழுதுன பொய்."

அக்காவுக்குப் புரியவில்லை. அந்த முதல் வருடப் பெண் மட்டும் என்னையே பார்த்தாள். அவளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, என் செல் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை நானும் மெதுவாகச் சாப்பிட்டேன்.

ராஜபாளையம் பஸ்ஸில் சார்ட்டைச் சுருட்டி மடியில் வைத்திருந்தேன். அதைப் படம் எடுத்து அவள் நம்பருக்கு அனுப்பினேன். கீழே ஒரே வார்த்தை: 'எடுத்துட்டேன்.'

அவள் பார்த்துவிட்டாள் என்று இரண்டு நீலக்கோடு உடனே விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து வந்தது:

'அந்தப் பொண்ணு எப்படி இருக்கா?'

பஸ்ஸில் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினேன். 'அப்படி ஒரு பொண்ணே இல்லட்டி. நீ எப்படி இருக்க?'

எழுதுகிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. நான் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது. நான் எழுந்திருக்கவில்லை.

'நேத்து மத்தியானம் அப்பா அம்மா தோப்புக்குப் போயிருந்தாவ. கதவைச் சாத்திட்டுச் சாப்பிட்டேன். எம்புட்டுன்னு தெரியல.'

அவள் எனக்குச் சொன்ன முதல் உண்மையான ரீகால் அது. அதில் கரண்டிக் கணக்கு இல்லை. இதற்குப் பெயர் இருக்கிறது, வைத்தியம் இருக்கிறது, மதுரையில் எனக்குத் தெரிந்த நல்ல டாக்டர் இருக்கிறார் என்றெல்லாம் விரல் எழுதிக்கொண்டே போனது. எல்லாவற்றையும் அழித்தேன்.

'நாளைக்குக் கூமாப்பட்டிக்கு வாரேன்' என்று அனுப்பினேன்.

பதில் வந்தது.

'வா. செருப்புச் சத்தம் போடாம வா.'